ஒருமையில் பேசியவன்

சலவைக்கூடத்தில் ‘மடிப்பு’ என்று கூப்பிட்டால் ஓர் ஆள் திரும்பிப் பார்ப்பான்; அங்கே அதுதான் அவன் பெயர். வயது முப்பத்தொன்பது. ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்து, வெந்து, பிழிபட்டு, காய்ந்து மலையாகக் குவிகிற படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க மடித்துக்கொண்டே இருப்பது அவன் வேலை. பதினாறு வருஷமாக ஜன்னலுக்குக் கீழே அதே மேஜை. மற்றவர்கள் விரிப்பின் இரண்டு பக்கத்தை இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே மடிப்பார்கள். அவனுக்குக் கூட்டாள் ஆகாது. விரிப்பை மேஜைமேல் போட்டு உள்ளங்கையால் நீவி, மூலையோடு மூலையைச் சேர்ப்பான். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். முதல் வருஷம் முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விடுதிக்காரர்களே ‘அந்த மனுஷன் மடிச்சதாப் பாத்து அனுப்புங்க’ என்று கேட்க ஆரம்பித்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

அந்த மேஜை ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்தது. முதலாளியம்மா நல்லவள்தான். ஆனால் நல்லவளாக இருப்பதற்கும் ஒரு அளவு உண்டல்லவா? மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குடையை உதறிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். மடிப்பின் அக்கா அப்போதுதான் பேக்கரி வேலை முடிந்து வந்து, கை இடுக்கில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“வேற யாரா இருந்தாலும் ஏழு நாள்கூடப் பொறுத்திருக்க மாட்டேன். உனக்கே தெரியும்.”

“தெரியும்மா.”

“துணி காயறதே பெரும்பாடா இருக்கு. காஞ்சதை மடிக்க ஆளில்லேன்னா ஆஸ்பத்திரிக்காரன் என் மண்டையை உருட்டறான். திங்கக்கிழமை வரட்டும். வரலேன்னா அந்த மேஜைல வேற ஆளைத்தான் நிறுத்தணும். கை சரியாயிடுச்சுல்ல?”

“கை சரியாயிடுச்சு. வாசப்படியைத்தான் தாண்ட மாட்டேங்கறான்.”

“நீ கொண்டாந்து விடேன்.”

“நான் விடியறதுக்குள்ள பேக்கரில நிக்கணும்மா. எனக்காக மாவு பொங்காம காத்துட்டு இருக்குமா?”

முதலாளியம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். மடிப்பு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்து, ஒரு துண்டை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். இடது முழங்கை முழுதாக நீளவில்லை. கட்டு பிரித்த பிறகும் அது ஒரு கோணத்தில் நின்றுவிட்டது.

“என்னப்பா, வேலைக்கு வரியா?”

“நீங்க வேலைக்கு வரணும்,” என்றான் மடிப்பு, துண்டைப் பார்த்தபடி.

முதலாளியம்மா திடுக்கிட்டாள். “இது என்ன புதுசா ‘நீங்க’?”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்,” என்றாள் அக்கா.

அது ஒரு பெரிய கதை. மடிப்பு குழந்தையாக இருந்தபோது அவன் அம்மா அவனைப் பார்த்து ‘உனக்குப் பசிக்குதா?’ என்று கேட்பாள். கேட்ட கையோடு சோறு வரும். அதனால் பசி எடுத்தால் சொல்ல வேண்டிய வார்த்தை ‘உனக்குப் பசிக்குது’ என்று அவன் எடுத்துக்கொண்டான். எல்லோரும் அவனை ‘நீ’ என்றார்கள். ஆகவே அவன் ‘நீ’. எல்லோரும் தங்களை ‘நான்’ என்று சொல்லிக்கொண்டார்கள்; ஆகவே மற்றவர்கள் எல்லோரும் ‘நான்’. யோசித்துப் பார்த்தால் தப்பு அவன் பேரில் இல்லை. நாம்தான் ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசிக் குழப்புகிறோம்.

பள்ளிக்கூட டீச்சர் அப்போதே சொன்னார், சின்ன வயசிலேயே திருத்திவிடுங்கள் என்று. அக்காவுக்கு அது திருத்த வேண்டிய விஷயமாகப் படவில்லை. ‘நீ தூங்கணும்’ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பான், வீடே சிரிக்கும். அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டே பேர். அக்காவைப் பெண் பார்க்க வந்த ஒருவர் ‘தம்பியும் கூடவே வருவாரா?’ என்று கேட்டார். ‘அவன் வராம நான் எங்க வர்றது?’ என்றாள். மனுஷன் டீயைக் குடித்துவிட்டுப் போனவர் போனவர்தான். அதற்காக அவள் ஒரு நாளும் அழுததில்லை. ஆனால் அந்த ‘நீ’யைத் திருத்தாமல் விட்டதற்காக இந்த ஏழு மாதமாக அழுகிறாள்.

அன்றைக்கு நடந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். மடிப்பு எட்டு மணிக்குக் கிளம்பி நாலு தெரு நடந்து சலவைக்கூடம் போவான். மூன்றாவது தெருவில் வரிசையாக இரண்டு சக்கர வண்டிகள் நிற்கும். ஒரு வண்டியின் கண்ணாடி கோணலாக இருந்தால் அதைத் தாண்டிப் போக அவனால் முடியாது. நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் நகர்வான். தெருக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அதற்கு முந்தின வாரம் அந்த வரிசையிலிருந்து ஒரு வண்டி காணாமல் போயிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருந்த ஏட்டும் புதிது.

“‘என்னடா பண்றே வண்டிகிட்ட’ன்னு ஏட்டய்யா கேட்டாரு,” என்று டீக்கடைக்காரர் சொன்னார். “இவன் அவர் மூஞ்சியைப் பாக்காம, ‘நீ வேலைக்குப் போகணும்’ங்கறான். அவருக்கு வந்துச்சே கோவம். ‘யாரைப் பாத்து நீங்கறே’ன்னாரு. இவன் மறுபடியும், ‘நேரமாச்சு, நீ போ, நீ போ’ங்கறான். தெருவே பாத்துட்டு நிக்குது. அவரு சட்டையைப் பிடிச்சு ஜீப்புல ஏத்திட்டாரு.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? உங்களுக்குத்தான் அவன் பேச்சு தெரியுமே.”

“பால் பொங்கற நேரம்மா. அடுப்பை விட்டுட்டு வர முடியல.”

அவர் குனிந்துகொண்டே சொன்னார். அக்கா அதற்குப் பிறகு அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அவள் ஸ்டேஷனுக்கு ஓடியபோது மடிப்பு தரையில் கிடந்தான். இடது கை உடம்புக்குச் சம்பந்தமில்லாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காதிலிருந்து ரத்தம் வந்து காய்ந்திருந்தது. ‘காவலரை ஒருமையில் பேசி, பணி செய்ய விடாமல் தடுத்தான்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். காணாமல் போன வண்டி நாலு நாளில் கிடைத்தது. வண்டிக்காரரின் மச்சான் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தாராம்.

அக்கா மனு மேல் மனு எழுதிப் போட்டாள். விசாரணை என்று இரண்டு பேர் வந்து அவளையே விசாரித்துவிட்டுப் போனார்கள். இதற்கிடையில் வீட்டில் அவள் ஒரு வேலையை ஆரம்பித்தாள். அவன் நெஞ்சில் விரலை வைத்து “நான்” என்பாள். அவன் அவள் நெஞ்சில் விரலை வைத்து “நான்” என்பான். ஒரு மாதம் இதே கூத்து. அவனை ‘நான்’ ஆக்க முடியாது என்று தெரிந்ததும் வேறு வழி யோசித்தாள். ‘நீ’தானே கோபத்தைக் கிளப்பியது? அதை ‘நீங்க’ ஆக்கிவிட்டால்? அர்த்தம் புரியாவிட்டாலும் மரியாதையாவது இருக்குமே. ‘உனக்கு’ என்பதையும் ‘உங்களுக்கு’ ஆக்கினாள். நாலு மாதம் ஆனது. கடைசியில் மடிப்பு தன்னைத் தானே ‘நீங்க’ என்று சொல்லிக்கொள்கிற ஆளாகிவிட்டான். ‘நீங்க குளிக்கணும்.’ ‘உங்களுக்கு முட்டை வேணும்.’ பெரிய மனுஷன் தோரணைதான். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவன் வாங்கின அடிக்கு அவனுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று நெஞ்சு எரிந்தது.

மரியாதையைக் கற்றுக்கொண்டானே தவிர, வெளியே காலெடுத்து வைக்கவில்லை. அவள் வேலைக்குப் போனதும் உள்ளே தாழ் போட்டுக்கொள்வான். அக்காவின் குரலைத் தவிர வேறு குரலுக்குக் கதவு திறக்காது.

அந்த நேரத்தில்தான் மனுவுக்கு ஒரு பலன் வந்தது. அவள் கேட்டது நியாயம். வந்தது பயிற்சி. ஸ்டேஷனில் இருக்கிற அத்தனை பேருக்கும் சனிக்கிழமை ஒரு நாள் வகுப்பு. இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்று. சிறப்புப் பள்ளி டீச்சர் ஒருத்தர் நடத்துகிறார். அவரே இன்ஸ்பெக்டரோடு வீட்டுக்கு வந்தார்.

“தம்பியும் வந்தா நல்லதுங்க,” என்றார் டீச்சர். “படத்துல பாக்கறது வேற, நேர்ல பாக்கறது வேற.”

“வேடிக்கை பாக்கவா?”

“இல்லக்கா. மூஞ்சி பழகணும். நாளைக்குத் தெருவுல பாத்தா, இவர் இன்னார், இவர் பேச்சு இப்படின்னு அவங்களுக்குத் தெரியணும்.”

அக்கா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். “அந்த ஏட்டு வருவாரா?”

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். “எல்லாரும்தான் வரணும்மா. ஆர்டர்.”

“முன் வரிசைல உக்காரணும். யூனிஃபார்ம் போட்டுட்டு வரக்கூடாது. காக்கியைப் பாத்தா இவன் மூச்சே விட மாட்டான்.”

“சரிம்மா.”

அவர் சரியென்றதும் அவளுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. முப்பது போலீஸ்காரர்கள் இருக்கிற அறைக்குள் இவன் போய்விட்டு முழுசாகத் திரும்பினால், திங்கட்கிழமை நாலு தெரு நடப்பது ஒரு பெரிய காரியமா?

சனிக்கிழமை காலையில் டீச்சரே ஆட்டோ கொண்டுவந்தார். அக்கா முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த இருபது விரிப்புகளை வண்டியில் ஏற்றினாள். “மடிக்கணும்டா, நெறைய இருக்கு,” என்றாள். மடிப்பு வாசற்படியில் நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. விரிப்புக் கட்டையே பார்த்தான். எத்தனை நேரம் நின்றான் என்று தெரியாது. ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கப் போன கையை டீச்சர் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு காலை வைத்தான். இன்னொரு காலையும் வைத்தான். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வகுப்பு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கூட்ட அறையில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஓடும் இரண்டு ஃபேன், ஒரு தட்டில் பிஸ்கட். எல்லோரும் சொந்தச் சட்டையில் வந்திருந்தார்கள். காக்கி இல்லாவிட்டால் போலீஸ்காரர்களும் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரிதான் இருக்கிறார்கள். முன் வரிசை ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டையில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். அரைத் தலை நரைத்த மனிதர். அக்கா இருந்த பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை.

மடிப்புக்கு ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ஏட்டை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் யார் முகத்தையும் பார்க்கிறவன் இல்லை. முதல் விரிப்பை விரித்தான். வராத கையை இழுத்து இழுத்து மடித்தான்.

“சத்தமாப் பேசாதீங்க,” என்றார் டீச்சர். “ஒரு நேரத்துல ஒரு கேள்விதான். கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. உடனே பதில் வராது.”

“பத்து எண்ணறதுக்குள்ள ஆள் அடுத்த தெருவுக்கு ஓடிடுவானே மேடம்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்பு எழுந்தது.

“ஓடினா ஓடட்டும். நீங்க துரத்தறதாலதான் முக்கால்வாசிப் பேர் ஓடறாங்க. மூஞ்சியைப் பாக்கலேன்னா திமிர்னு நெனைக்காதீங்க. சொன்னதையே திருப்பிச் சொன்னா நக்கல்னு நெனைக்காதீங்க.”

பேனாக்கள் எழுதின. இரண்டு பேரை முன்னால் அழைத்து, ஒருவரைப் போலீசாகவும் ஒருவரை மாட்டிக்கொண்டவராகவும் நடிக்கச் சொன்னார். மாட்டிக்கொண்டவராக நடித்தவர் நன்றாகவே நடித்தார். பதினோரு மணிக்குள் அறையில் ஒரு கலகலப்பு வந்துவிட்டது. டீச்சர் அக்காவைப் பேச அழைத்தார்.

அக்கா மாவு பிசைந்து காய்த்துப்போன கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேடைப் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. அம்மா ‘உனக்குப் பசிக்குதா’ என்று கேட்டதிலிருந்து ஆரம்பித்தாள். “அதனால அவன் ‘நீ’ன்னா உங்களைச் சொல்லல. தன்னைச் சொல்லிக்கறான். இப்ப ‘நீங்க’ன்னு மாத்தியிருக்கேன். அதுவும் அவனேதான்.”

முன்வரிசையிலிருந்த ஒரு பெண் காவலருக்கு அது பிடித்துப்போனது. “அப்ப ‘நீ போ’ன்னா?”

“நான் போறேன்னு அர்த்தம்.”

“‘நீ உக்காரணும்’னா?”

“நான் உக்காரணும்.”

“‘உனக்குத் தண்ணி வேணும்’னா?” என்று இன்னொருவர்.

“எனக்குத் தண்ணி வேணும்.”

விடுகதை போடுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். அவளும் பட்டுப்பட்டென்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுப் பேச்சை வெளி ஆள் ஒருத்தர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

“‘உனக்கு வலிக்குது’ன்னா?”

“எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம்,” என்று அதே வேகத்தில் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் கேட்டவர் யார் என்று பார்த்தாள். காலையிலிருந்து வாயைத் திறக்காத ஏட்டு. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

மூலையில் மேஜை இழுபடுகிற சத்தம் கேட்டது. முகத்தைப் பார்க்காதவனுக்கு அந்தக் குரல் மறக்கவில்லை. மடிப்பு மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தான். நல்ல கையால் கோணல் கையை மூடிக்கொண்டு, தலையைக் காலுக்கு நடுவில் புதைத்துக்கொண்டு சொன்னான்:

“உனக்கு வலிக்குது. உனக்கு வலிக்குது. உனக்கு வலிக்குது.”

நாலு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ‘ங்க’ எங்கே போனதோ. அன்றைக்குச் சொன்னது மாதிரியே சொன்னான். முப்பது பேரும் கேட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒருத்தருக்கும் விளங்கியிருக்காது. இப்போது மொழிபெயர்த்துச் சொல்ல ஆளே தேவைப்படவில்லை. அந்தப் பெண் காவலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் மேஜை அருகே போய் மெல்லப் பேசிப் பார்த்தார். அவன் நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து, “ஒரு டீ பிரேக் விட்டுடலாமா?” என்றார். யாரும் அசையவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து, மேஜைக்கு அடியில் போனாள். அவன் முதுகில் கையை வைத்தாள். “ஆமாண்டா கண்ணு. உனக்கு வலிக்குது. ரொம்ப வலிக்குது,” என்றாள். வீட்டில் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவன் சொல்வது வரவரச் சின்னதாகி உதட்டசைவாக நின்றது.

ஏட்டு எழுந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். குரல் இவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டைக்குள்ளேயே பேசினார்.

“நக்கல் பண்றான்னு நெனச்சேம்மா. ‘அடி, உனக்குத்தான் கை வலிக்கும்’னு சொல்றான்னு… வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுருப்பேன்.”

“சொல்லியிருக்கானே.”

அவர் மேஜைக்கு அடியில் பார்த்தார்.

“எத்தனை தடவை சொன்னான்?”

“எண்ணலம்மா.”

“ஒரு தடவையா, ரெண்டு தடவையா?”

“நிறுத்தற வரைக்கும் சொல்லிட்டே இருந்தான்.”

“யாரு நிறுத்தற வரைக்கும்? அவனா, நீங்களா?”

ஃபேன் கடகடத்தது. ஏட்டு தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“நான் நிறுத்தற வரைக்கும்மா,” என்றார்.

இத்தனை நாளும் அவள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முதல் அடியிலேயே அவன் மயங்கிப் போயிருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று. அது போயிற்று. அவளுக்கு ஏட்டை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ யாராவது வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. தம்பியை ஆட்டோவில் ஏற்ற மட்டும் நாலு பேர் உதவினார்கள். விரிப்புகளை அந்தப் பெண் காவலர் அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள், மடிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மடிப்பு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வெளியே வரவில்லை. சோறும் அங்கேதான். துண்டைக் கொடுத்தாலும் வாங்கவில்லை. ஒருமுறை மட்டும், “நீ போக மாட்டே,” என்றான். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு, “சரிடா, நீ போக வேண்டாம்,” என்றாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்த நேரமாகப் பார்த்து, விரிப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். முதலாளியம்மா கொதிகலனை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வா வா. நாளைக்கு எட்டு மணிக்கு மேஜையைத் தொடச்சு வைக்கச் சொல்லிட்டேன்.”

“வேற ஆளை நிறுத்திக்கங்கம்மா.”

“ஏன்? வகுப்பு நல்லா நடந்துச்சுன்னு இன்ஸ்பெக்டரே சொன்னாராமே. எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுதுன்னாரே?”

அக்கா கட்டை மேஜைமேல் இறக்கி வைத்தாள்.

“ஆமாம்மா, நல்லாத்தான் நடந்துச்சு,” என்றாள். “எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. எனக்குந்தான்.”